பேட்டரிக்கு எது நல்ல தண்ணீர்?

காரைக்குடியில் எனக்குப் பழக்கமான ஒரு வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் பழைய வீடு. மேல்தளத்தில் சோலார் தகடுகள். கீழே இரண்டாங்கட்டு மாடிப்படிக்கு அடியில், பலகை மேல், இரண்டு 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரிகள். வாங்கி மூன்றரை வருஷம்தான் ஆகிறது. ராத்திரி எட்டு மணிக்குக் கரண்டு போனால் ஒன்பதுக்குள் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கிவிடுகிறது.

பார்க்க வந்த மெக்கானிக் தம்பி ஒரு பேட்டரியின் ஆறு மூடிகளையும் திருகி எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். மிதவைக் குச்சிகளின் கழுத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சினார். முழுச் சார்ஜில் அமிலத்தின் அடர்த்தி 1.230 காட்டியது. அதில் குறையில்லை. வயரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனவர் ஒரு வாரம் கழித்து வந்து மறுபடி பார்த்தார். மூன்று அறைகளில் 1.180க்கும் கீழே. ஒரு விளக்குகூட எரியவில்லை. சார்ஜ் மட்டும் தானாகக் கரைந்திருந்தது.

"ஆச்சி, இதுல என்ன தண்ணி ஊத்துனீக?"

"நல்ல தண்ணிதான் தம்பி. மொத வருசம் கடையில வாங்கி ஊத்துனோம். அப்புறம் நம்ம வீட்டு ஆர்.ஓ. தண்ணி. அது இல்லாதப்ப சம்பைத் தண்ணி. போர்த் தண்ணிய ஒரு நாளும் ஊத்துனதில்ல."

"தண்ணிதான் கெடுத்திருக்கு ஆச்சி."

ஆச்சிக்கு அது ஒப்பவில்லை. "மனுசரு குடிக்கிற தண்ணி இந்தப் பொட்டிக்கு ஆகாதா?" என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமானது. பதிலை மெக்கானிக் சொன்னார் என்பதற்காக அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. பேட்டரி சீக்கிரம் போவதற்குக் காரணங்கள் பல: வெயில், அரைகுறைச் சார்ஜ், அடிமட்டம் வரை இறக்கிவிடும் பழக்கம், தகடுகளுக்கு நடுவே உள்ள தடுப்பு கிழிந்துபோவது. பழியைத் தண்ணீர் மேல் போடுவதென்றால் எந்தத் தண்ணீர், எவ்வளவு, என்ன செய்தது என்று கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கேள்வியை இந்த ஊரில் கேட்பதில் ஒரு பொருத்தமும் உண்டு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாம் சிக்ரி என்று சொல்வது, காரைக்குடியில்தான் இருக்கிறது. மின்சாரமும் வேதியியலும் சந்திக்கும் இடத்தை ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம். அந்தச் சந்திப்பு மிகச் சாதாரணமாக நடக்கிற இடம் நம் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பேட்டரி.

முதலில் ஒரு எல்லை கட்டிக்கொள்கிறேன். மூடி திறக்காத ஜெல், சீல் செய்த பேட்டரிகளுக்கும் லித்தியத்துக்கும் தண்ணீர்ப் பேச்சே கிடையாது. அரசு மானியத்தில் இப்போது கூரைகளில் ஏறும் தகடுகள் பெரும்பாலும் மின்வாரியக் கம்பியோடு நேராக இணைபவை. அவற்றுக்குப் பேட்டரியே இல்லை. 2012 வாக்கில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு போன காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்ததே, அந்த வழியில் வந்து, பின்னால் சோலாரையும் சேர்த்துக்கொண்ட ஈய-அமிலப் பேட்டரிகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

தண்ணீர் ஏன் குறைகிறது? சார்ஜ் ஏறி முடியும் நேரத்தில், ஓர் அறையின் மின்னழுத்தம் ஏறக்குறைய 2.4 வோல்ட்டைத் தாண்டும்போது, வருகிற மின்சாரத்தில் ஒரு பகுதி தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளக்கிறது. குமிழி விடுவது அதனால்தான். மிகையாக ஏறும் ஒவ்வோர் ஆம்பியர்-மணிக்கும் ஓர் அறையில் 0.336 கிராம் தண்ணீர் போகும். இது ஃபாரடே விதியிலிருந்து நேராக வரும் எண். இதில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு கிடையாது. ஒரு வீடு இரவில் 60 ஆம்பியர்-மணி செலவழிக்கிறது, அதை நிரப்பும்போது பத்தில் ஒரு பங்கு மிகையாக ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 6 ஆம்பியர்-மணி, ஆறு அறை. சுமார் 12 மில்லி லிட்டர். மாதத்துக்கு 360. வருஷத்துக்கு 4.4 லிட்டர். ஐந்து வருஷத்தில் 22 லிட்டர். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரிக்குள் இருக்கும் திரவமே ஏறக்குறைய இருபது லிட்டர்தான். ஆக, பேட்டரி தன் ஆயுளுக்குள் தன் வயிற்றுக் கொள்ளளவு முழுவதையும் ஒரு தடவை குடித்துவிடுகிறது. சித்திரை வைகாசி வெயிலில் காற்றோட்டம் இல்லாத மூலையில் இருந்தால் இன்னும் கூடும்.

வெளியே போவது இரண்டே வாயுக்கள். தண்ணீரோடு வந்த உப்பு போவதற்குப் பெரும்பாலும் வழி இல்லை. ராமநாதபுரம் பக்கம் வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாத்தியில் தண்ணீர் பாய்ச்சுவார்கள், வெயில் குடிக்கும், மறுபடி பாய்ச்சுவார்கள். பேட்டரியும் அப்படி ஒரு பாத்திதான். வெயிலின் வேலையை அங்கே சார்ஜ் செய்கிறது.

இப்போது ஆச்சியின் நல்ல தண்ணீரை இந்தப் பாத்தியில் விடுவோம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லி கிராம் வரை கரைந்த உப்பு இருந்தால் அது ஏற்கத்தக்க குடிநீர் என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை விடுகிறது. குளோரைடு 250 வரை இருக்கலாம். அந்த முதல் வரம்பிலேயே நிற்கும், குற்றம் சொல்ல முடியாத குடிநீரை ஐந்து வருஷம் ஊற்றினால் உள்ளே சேரும் உப்பு 11 கிராம். ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. அதில் குளோரைடு மட்டும் ஐந்தரை கிராம் வரை இருக்கலாம். குழம்புச் சட்டியில் இரண்டு தேக்கரண்டி உப்பு ஒன்றுமில்லை. சுத்தமான கந்தக அமிலமும் தண்ணீரும் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் அது பெரிய அளவு.

நம் பக்கத்தில் நல்ல தண்ணீர் என்பதற்குப் பொருளே வேறு. கால் நனைக்காமல் காப்பாற்றிய குடிநீர் ஊருணி இருந்தது. காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்றால் தனிப் பெருமை. உப்புக் கரிக்காமல், பருப்பு வேகிற மாதிரி, நாக்குக்கு இதமாக இருப்பது நல்ல தண்ணீர். அந்த இதத்தைத் தருவதே கரைந்திருக்கும் கொஞ்சம் சுண்ணாம்பும் மக்னீசியமும்தான். அவற்றை முழுக்க எடுத்துவிட்ட தண்ணீரைக் குடித்துப் பார்த்தால் சப்பென்று இருக்கும். எனவே நாக்கு சொல்லும் தீர்ப்பு பேட்டரிக்குச் செல்லாது. ஆச்சி செய்த பிழை கவனக்குறைவால் வந்ததில்லை. தனக்குத் தெரிந்த மிக நல்ல பொருளைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லா உப்பும் ஒரே மாதிரி கெடுதல் செய்வதில்லை. இங்கேதான் பேச்சைக் கொஞ்சம் நிதானப்படுத்த வேண்டும், ஏனென்றால் இதைக் கவனிக்காமல்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

சோடியம் கிட்டத்தட்டச் சாது. சோடியம் சல்ஃபேட்டைச் சில தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே அமிலத்தில் கொஞ்சம் சேர்ப்பதுண்டு. ஆழமாக இறங்கிய பேட்டரியில் தகடுகளுக்கு நடுவே ஈய ஊசிகள் வளர்ந்து ஷார்ட் ஆவதை அது தடுக்கும். கால்சியம் நடுத்தரம். கந்தக அமிலத்தைக் கண்டால் ஜிப்சமாக மாறும். மிகுந்தால் தகட்டின் நுண்துளைகளிலும் அடியிலும் படிந்து இடத்தை அடைக்கும்.

குளோரைடு அப்படியில்லை. நேர்த்தகட்டின் ஈயச் சட்டத்தை அரிக்கும். ஒரு பகுதி குளோரின் வாயுவாக வெளியேறிவிடும் என்பது உண்மை. போகிற போக்கில் அரித்துவிட்டுத்தான் போகும். நைட்ரேட்டும் ஈயத்துக்குப் பகை. அசெட்டிக் அமிலம் போன்ற கரிம அமிலங்கள் மிகச் சிறு அளவிலும் நேர்த்தகட்டைத் தின்னும். மரப்பெட்டிக்குள் வைத்த ஈயப் பொருள்கள் வெள்ளையாகப் பூத்துக் கெடுவதை அருங்காட்சியகக்காரர்கள் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறார்கள். அங்கே குற்றவாளி மரத்திலிருந்து கசியும் இந்த அமில ஆவிதான்.

எல்லாவற்றிலும் கள்ளத்தனமாக வேலை செய்வது இரும்பு. நேர்த்தகட்டின் பக்கம் போனால் ஓர் எலக்ட்ரானை அங்கே கொடுக்கும், மிதந்து எதிர்த்தகட்டுக்கு வந்தால் அங்கிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ளும், மறுபடி நேர்த்தகட்டுக்கு. ஒரு விளக்கும் எரியாமலேயே எதிர்த்தகட்டின் மின்சாரம் நேர்த்தகட்டுக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும். இந்த நடையில் இரும்பு தீர்ந்துபோவதில்லை, அதனால் சிறிதளவே போதும். செம்பு, நிக்கல் போன்றவை எதிர்த்தகட்டில் படிந்து, அங்கே ஹைட்ரஜன் வெளியேறுவதை எளிதாக்கிவிடும். குமிழி கூடும், தண்ணீர் இன்னும் வேகமாகக் குறையும், இன்னும் அதிகமாக ஊற்றுவோம், அந்தத் தண்ணீரோடு இன்னும் கொஞ்சம் செம்பும் வரும். காரைக்குடி செம்மண்ணும் செம்பூரான் கல்லும் கொண்ட பூமி. அந்த மண்ணின் சிவப்பே இரும்புதான். குழாயடியில் பழுப்புக் கறை படிகிற வீடுகளில் இருப்பவர்கள் இதைத் தனியாக யோசிக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு டிடிஎஸ் மீட்டரைப் பாருங்கள். பேனா மாதிரி, இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அது அளப்பது மின்கடத்தலை. அதை ஒரு கெழுவால் பெருக்கி உப்பின் எடை மாதிரி காட்டுகிறது. சாதுவான சோடியமும் கள்ள இரும்பும் அதற்கு ஒன்றுதான். ஆகவே அது காட்டும் எண் பெரிதாக இருந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது என்று உறுதியாகச் சொல்லலாம். எண் சிறிதாக இருப்பதை மட்டும் வைத்து ஆகும் என்று சொல்லிவிட முடியாது.

சரி, எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும்? நம் நாட்டில் பேட்டரித் தண்ணீருக்கென்றே ஐ.எஸ். 1069 என்று தனித் தரம் இருக்கிறது. கேன் வாங்குகிறவர்களில் அதைக் கேட்டு வாங்குகிறவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை. ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வெளிநாட்டுக் கையேடுகளில் இரண்டு விதப் போக்கு தெரிகிறது. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் மின்கடத்தல் சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோசீமன்ஸுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள்; சிலர் 30 வரை பொறுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கத் தயாரிப்பாளர்களிடம் புழங்கும் அட்டவணையோ மொத்த உப்பு லிட்டருக்கு 100 மில்லி கிராம் வரை போகலாம், ஆனால் குளோரைடு 5ஐத் தாண்டக் கூடாது என்கிறது. 10 மைக்ரோசீமன்ஸ் என்பது டிடிஎஸ் மீட்டரில் ஏறக்குறைய 5. அதாவது ஒருவர் 5 என்கிறார், மற்றவர் 100 என்கிறார். இருபது மடங்கு வித்தியாசம்.

இந்த 100 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் "ஆர்.ஓ. தண்ணீர் 60 காட்டுகிறது, தாராளமாக ஊற்றலாம்" என்கிற வாதம் வருகிறது. அந்த வாதம் அட்டவணையின் ஒரு வரியை மட்டும் படிக்கிறது. அதே அட்டவணை குளோரைடுக்கு 5 என்று பூட்டுப் போட்டிருக்கிறது. வீட்டு ஆர்.ஓ. சவ்வு கால்சியம், மக்னீசியம் போன்றவற்றை நன்றாகத் தடுக்கும். சோடியமும் குளோரைடும்தான் கசிந்து வருபவற்றில் முன்னால் நிற்கும். எனவே 60 காட்டும் ஆர்.ஓ. தண்ணீரில் குளோரைடு 5க்குள் இருக்க வாய்ப்பு குறைவு. அதோடு நம் வெப்பத்தையும் சேர்க்க வேண்டும். குளிர்நாட்டுப் பேட்டரி குடிப்பதைவிடக் காரைக்குடி பேட்டரி கூடுதலாகக் குடிக்கும். ஒரே தரமான தண்ணீர் இங்கே அதிக உப்பைச் சேர்க்கும். 22 லிட்டர் கணக்கில் பார்த்தால் ஐரோப்பிய வரம்பில் சேர்வது 0.11 கிராம், அமெரிக்க வரம்பின் உச்சியில் 2.2 கிராம். நம் ஊருக்குக் கடுமையான வரம்பைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் முடிவு. அதை எட்டுவது கஷ்டமாகவோ செலவாகவோ இருந்தால் யோசிக்கலாம். அப்படி ஒன்றும் இல்லை என்பதைப் பின்னால் காட்டுகிறேன்.

இனி, வீட்டில் கைக்கு எட்டும் தண்ணீர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். போர், கிணறு, நகராட்சிக் குழாய் மூன்றும் மேலே சொன்ன கணக்கிலேயே விழுந்துவிட்டன. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் என்று சிலர் சொல்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், கொஞ்சம் சுண்ணாம்பு பாத்திரத்தின் அடியில் படியும், குளோரைடு முன்னைவிடச் செறிவாகும். துணியில் வடிகட்டினால் தூசி மட்டும் போகும். உப்பைப் போக்கும் சாஃப்ட்னர் வைத்திருக்கிறோம் என்பவர்களுக்கு: அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. குளோரைடு அப்படியே இருக்கும்.

இருபது லிட்டர் கேன் தண்ணீருக்கு வருகிறேன். அதில் கால்சியமும் மக்னீசியமும் குறைந்தபட்ச அளவு இருந்தாக வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே இப்போது விதித்திருக்கிறது. குடிப்பவரின் எலும்புக்கு அது நல்ல விதி. பேட்டரிக்கு அந்தக் கேனை ஒதுக்கிவிட அதுவே காரணம். வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றிலும் மினரல் கார்ட்ரிட்ஜ் வைத்துத் தாதுக்களைச் சேர்க்கிறார்கள், அல்லது டிடிஎஸ் கன்ட்ரோலர் வைத்து, வடிகட்டிய தண்ணீரில் வடிகட்டாததைக் கொஞ்சம் கலந்து குழாய்க்கு விடுகிறார்கள்.

ஏ.சி. தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, ஆகவே காய்ச்சி வடித்ததற்குச் சமம், மீட்டரில் வைத்தால் எண்ணும் சிறிதாகக் காட்டுகிறது, வீணாகப் போகிறதே என்கிறார்கள். ஆவி குளிர்ந்த கணத்தில் அது சுத்தமான தண்ணீர்தான். அதற்குப் பிறகு அது எதன் மேல் வழிந்து வருகிறது? செம்புக் குழாய், அலுமினியத் தகடு, வருஷக்கணக்காக ஈரத்தில் ஊறிய தூசி, பாசி பிடித்த தட்டு. வீட்டுக் காற்றில் இருக்கும் வார்னிஷ், மரச்சாமான், சமையல் ஆவியின் அமிலங்களும் அதில் கரைகின்றன. ஏ.சி.யின் செம்புக் குழாயில் எறும்புப் புற்று மாதிரி நுண்ணிய ஓட்டைகள் விழுந்து கேஸ் கசிவதற்கு இந்த அமிலங்களும் ஒரு காரணம் என்பது குளிர்சாதனத் துறையில் தெரிந்த செய்தி. செம்பையே துளைக்கிற அந்தத் தண்ணீரில் கரைந்த செம்பும் இருக்கும், அசெட்டிக் அமிலமும் இருக்கும். பேட்டரிக்கு ஆகாத பட்டியலில் இரண்டுமே முன்வரிசை. மீட்டரின் சிறிய எண் இதைக் காட்டாது. துணி துவைக்கவும் தரை துடைக்கவும் ஏ.சி. தண்ணீர் நன்றாக உதவும். பேட்டரிக்கு வேண்டாம்.

மழைத்தண்ணீர் விஷயத்தில் என் மனம் அதன் பக்கம் சாய்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மழைநீர் சேகரிப்பை 2003இல் தமிழகம் சட்டமாக்குவதற்கு வெகுகாலம் முன்பே, முற்றத்தை நோக்கிக் கூரையைச் சரித்து, நாலு மூலையிலும் விழும் மழையை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்த வீடுகள் இவை. ஐப்பசி மழையில் வளவுக்குள் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மழைத்தண்ணீரை விடச் சுத்தமானது ஒன்று இருக்க முடியும் என்று நம்புவது கஷ்டம். ஆனால் முற்றத்தில் விழுவது வானத்துத் தண்ணீர் மட்டும் இல்லை. அது ஓட்டைக் கழுவிக்கொண்டு வருகிறது. புறா எச்சம், காய்ந்த இலை, பாசி எல்லாவற்றையும் தொட்டு, துத்தநாகத் தகரத்திலோ செம்புத் தூம்பிலோ ஓடி, பித்தளை அண்டாவில் நிற்கிறது. செம்பும் துத்தநாகமும் அங்கேயே சேர்ந்துவிடும். அந்தத் தண்ணீர் பேட்டரிக்கு ஆகாது.

கூரையைத் தொடாத மழை வேறு. தளத்தின் நடுவில், நன்றாகக் கழுவிய பிளாஸ்டிக் வாளியை ஸ்டூல் மேல் வைத்து, மழை பிடித்து அரை மணி நேரம் ஆன பிறகு திறந்துவைத்துப் பிடித்தால், தூசி அடங்கிய வானத்திலிருந்து கிடைப்பது ஏறக்குறைய காய்ச்சி வடித்த தண்ணீர்தான். கிழக்கே கடல் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வடகிழக்குக் காற்று கடல் உப்பைக் கொஞ்சம் ஏந்தி வரும். தீபாவளியை ஒட்டிய மழையில் பட்டாசுப் புகையும் சேரும். எனவே பிடித்ததை அளந்து பார்த்து, மீட்டர் 5க்குள் காட்டினால் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் இடம் இதற்கு. தயங்கிக் கொடுப்பதில்லை இது, நிபந்தனையோடு கொடுப்பது.

கடைசியாகக் கடையில் விற்கும் கேன். "டிஸ்டில்டு வாட்டர்" என்று கேட்டு வாங்குகிறோம். உள்ளே இருப்பது பெரும்பாலும் காய்ச்சி வடித்தது இல்லை. ரெசின் நிரப்பிய கலன்களில் விட்டு அயனிகளை நீக்கிய டி.எம். தண்ணீர். அதனால் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஒழுங்காக நடத்தினால் டி.எம். தண்ணீர் சாதாரண வடிநீரைவிடச் சுத்தமாகவே வரும். ஒழுங்காக நடத்தினால் என்பதில்தான் விஷயம். ரெசின் நிரம்பிவிட்டால் உப்பு அப்படியே தாண்டி வரும். அதைப் புதுப்பிக்க ஒரு கலனில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மற்றதில் காஸ்டிக் சோடாவும் விடுவார்கள். பிறகு போதிய அளவு அலசாமல் குழாயைத் திறந்தால், பேட்டரிக்கு எது வரவே கூடாதோ அந்தக் குளோரைடே கேனில் வரும். லேபிளில் உள்ள பெயரை நம்பி வாங்குவது ஆச்சி நாக்கை நம்பியதற்குச் சமம்.

ஆகவே சோதனை வேண்டும், அதற்குப் பெரிய செலவும் வேண்டாம். மீட்டர் 5க்கு மேல் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். துடைத்த கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு நிழலில் காயவிட்டால், வெள்ளை வளையம் படிகிறதா என்று பார்க்கலாம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஆசிரியர் யாராவது தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்து, நைட்ரிக் அமிலம் ஒரு துளி, சில்வர் நைட்ரேட் இரண்டு துளி. பால் கலந்த மாதிரி மங்கினால் குளோரைடு இருக்கிறது. இரும்புக்குத் தயோசயனேட், சிவந்தால் இருக்கிறது. பிளஸ் டூ மாணவர் ஐந்து நிமிஷத்தில் செய்யும் வேலை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பிஎச் தாளை நனைத்துவிட்டு, "ஆறுக்குக் கீழே காட்டுகிறது, தண்ணீரில் ஆசிட் இருக்கிறது" என்று பயப்பட வேண்டாம். மிகச் சுத்தமான தண்ணீர் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு அப்படித்தான் காட்டும்.

விலையைப் பாருங்கள். லிட்டருக்கு முப்பது ரூபாய் என்றே வைத்தாலும் ஒரு பேட்டரிக்கு வருஷத்துக்கு நூற்றைம்பதுக்குள். பேட்டரி பதினைந்தாயிரத்தைத் தொடுகிறது. அதன் ஆயுள் ஒரு வருஷம் குறைந்தாலே மூவாயிரம் போய்விடுகிறது. வாங்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு நம் வெயிலே போதும்: கண்ணாடி மூடிய, ஒரு சதுர மீட்டர் சூரிய வடிகலன் நல்ல வெயில் நாளில் இரண்டு மூன்று லிட்டர் வடித்துத் தரும். உட்புறம் உலோகம் தொடாத பிளாஸ்டிக் பூச்சாக இருந்தால் சரி. ஒரு வாரத்தில் கிடைப்பது இரண்டு பேட்டரிக்கு ஒரு வருஷத்துக்குக் காணும்.

இவ்வளவு கடுமை பேசிவிட்டு எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் தீர்ப்பு கோணலாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை, மூடியைத் திறந்தால் தகடு வெளியே தெரிகிறது. என்ன செய்வது? ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். 60 காட்டும் தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றினால் சேர்வது 60 மில்லி கிராம் உப்பு, அதுவும் இருபது லிட்டரில் பரவும். காற்றில் காய்ந்த தகடோ சில நாளிலேயே இறுகி, பிறகு எந்தத் தண்ணீர் ஊற்றினாலும் திரும்பாது. ஒரு நாள் ஊற்றிய ஆர்.ஓ. பேட்டரியைக் கொல்லாது. மூன்று வருஷம் மாதாமாதம் ஊற்றினால்தான் கொல்லும். தூய தண்ணீருக்குக் காத்திருந்து தகட்டைக் காயவிடுகிறவர், கிடைத்த தண்ணீரை வழக்கமாக ஊற்றுகிறவரைவிடச் சீக்கிரம் பேட்டரியை இழப்பார்.

ஊற்றும் முறையிலும் இரண்டு கவனம் போதும். தகடு மூழ்கியிருந்தால் முழுச் சார்ஜ் ஏறிய பிறகே ஊற்ற வேண்டும். முன்னால் நிரப்பினால் சார்ஜில் மட்டம் ஏறி அமிலம் வழியும், வழிந்த அமிலம் திரும்ப வராது. இரண்டாவது, பாத்திரம். பித்தளைச் செம்பு வேண்டாம், ஊறுகாய் இருந்த பீங்கான் ஜாடி வேண்டாம். எத்தனை கழுவினாலும் ஜாடியின் விரிசலில் உப்பு இருக்கும். பேட்டரிக்கென்று ஒரு பிளாஸ்டிக் புனல், ஒரு குவளை. மற்றபடி ஆசிட் எக்காரணம் கொண்டும் வீட்டில் ஊற்றக் கூடாது. குறைவது தண்ணீர் மட்டும்தான். கடையில் பேட்டரி வாட்டரும் பேட்டரி ஆசிட்டும் ஒரே மாதிரிக் கேனில் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

அப்படியானால் ஆச்சி வீட்டுப் பேட்டரி தண்ணீரால்தான் போனதா? தகட்டை வெட்டிப் பார்க்காமல் நூற்றுக்கு நூறு சொல்ல மாட்டேன். முழுச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஒரு வாரம் சும்மா இருந்தே கரைவதற்குத் தடுப்புக் கிழிசலும் காரணமாக இருக்கலாம். ஆனால் ஒரே சமயத்தில் மூன்று அறைகளில் தடுப்பு கிழிவது அரிது. ஆறு அறைக்கும் ஒரே குவளையில் ஊற்றிய தண்ணீர் மூன்றில் முந்திக்கொண்டு, மற்ற மூன்றிலும் தொடங்கியிருப்பது நடக்கக்கூடியது. மெக்கானிக் தம்பி சொன்னதன் பக்கமே எடை சாய்கிறது.

என் தீர்ப்பு இது. மீட்டரில் 5க்குள்ளும், சில்வர் நைட்ரேட்டில் மங்காமலும் இருக்கிற டி.எம். அல்லது வடிநீர் முதலிடம். கூரையும் உலோகமும் தொடாமல் பிடித்து அளந்த மழை இரண்டாமிடம். ஆர்.ஓ. தண்ணீர் அவசரத்துக்கு மட்டும். ஏ.சி. தண்ணீர், குடிநீர்க் கேன் தண்ணீர், போர், குழாய், ஊற்று எதுவும் வேண்டாம்.

அடுத்த மாதம் மிதவை இறங்கியிருப்பதைப் பார்த்து மூடியைத் திருகுவதற்கு முன்னால், கேனில் இருப்பதை ஒரு சொட்டு கண்ணாடியில் விட்டுக் காயவைத்துப் பாருங்கள். வளையம் விழுந்தால் அந்தக் கேனைக் கடைக்கே எடுத்துப் போய்க் கடைக்காரரிடமும் காட்டுங்கள். அவர் கடையில் தண்ணீர் வாங்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும் அது உதவும்.